வாடகை வீட்டை விட்டுப் போகும்போது

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் பிள்ளைகளின் போஷாக்கைப் பற்றிப் பேசினோம். இன்றைக்கு வாடகை வீடு பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும் சிலர் சிரித்தீர்கள். "லயத்துக் காம்பராவில இருக்கிற நமக்கு என்னாங்க வாடகை வீடு?" என்று ஒரு அக்கா வாய் விட்டே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று கேட்கிறோம். இந்த மண்டபத்தில் இருக்கிற குடும்பங்களில் ஒரு பிள்ளையாவது வெளியில் அறை எடுத்தோ வீடு எடுத்தோ இருக்காத குடும்பம் எத்தனை? கொழும்பில் கடை வேலை, கட்டுநாயக்காவில் கார்மெண்ட், யாழ்ப்பாணத்தில் மேசன் வேலை, கம்பஸில் படிப்பு. தாய் தகப்பன் லயத்தில் இருந்தாலும் பிள்ளை வாடகைக்குத்தான் இருக்கிறது. அந்த வாடகைக்கு முற்பணம் கட்டுவது யார்? பேர் போட்டு, கொழுந்து எடுத்து, சீட்டுக் கட்டிச் சேர்த்த காசுதான் போகிறது.

ஆகவே இது நம்மட விசயம்தான்.

வீடு எடுக்கும்போது நம் ஆட்கள் நாலு பேரிடம் கேட்டு, தண்ணி இருக்கா, கரண்ட் இருக்கா என்று பார்த்துத்தான் எடுக்கிறார்கள். விடும்போதுதான் கோட்டை விடுகிறார்கள். ஒரு நாள் ராத்திரி சாமானைக் கட்டி, விடிய பஸ் ஏறி வந்துவிடுகிறார்கள். பிறகு முற்பணம் வரவில்லை என்று நம்மிடம் வந்து நிற்கிறார்கள்.

அப்படி எங்களிடம் வந்த ஒரு விசயத்தைச் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம். தம்பி ஒருவர், மேசன் வேலை. பெண்சாதியும் ஒரு கைக்குழந்தையும். காரைநகரில் வீடு வாடகைக்கு எடுத்திருந்தார்.

காரைநகர் எங்கே என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். யாழ்ப்பாணத்தில் பொன்னாலையில் இருந்து கடலுக்குக் குறுக்கே தாம்போதி போட்டிருக்கிறது. அதன் வழியே பஸ்ஸில் போகலாம். முன்பு காரைதீவு என்றுதான் பெயர். ஈழத்துச் சிதம்பரம் என்று சொல்லுகிற சிவன் கோவில் அங்கேதான், மார்கழித் திருவாதிரைக்குச் சனம் அள்ளும். கசூரினா கடற்கரையும் அங்கேதான். மற்றப் பக்கம் கடலைத் தாண்டினால் ஊர்காவற்றுறை, பாதையில் ஏறிப் போக வேண்டும். நம்ம பக்கத்து டவுன்களில் பழைய கடைக்காரர்கள் பலர் காரைநகர் ஆட்கள், வயசானவர்களுக்குத் தெரியும். அந்த ஊர்ச் சனங்கள் வியாபாரத்துக்காக நாடு முழுக்கப் போனார்கள். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து, பிறகு லண்டன், கனடா என்று போனவர்களும் அதிகம். அதனால் அங்கே நல்ல நல்ல கல்வீடுகள் இருக்கும், வீட்டுக்காரர் இருக்க மாட்டார். சாவி ஒரு அக்காவிடமோ சித்தப்பாவிடமோ இருக்கும்.

நம்ம தம்பி எடுத்த வீடும் அப்படித்தான். வீட்டுக்காரர் கனடாவில். சாவி அவருடைய தமக்கையிடம். வாடகை மாதம் 12,000 ரூபா, முற்பணம் ஆறு மாதத்துக்கு 72,000. ஒரு தாளில் "இரண்டு வருடத்துக்கு" என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து, பக்கத்து வீட்டார் இருவர் சாட்சி. 2023 மார்ச் 1 ஆம் திகதி குடி போனார்கள்.

2024 ஆகஸ்டில் இங்கே தாய்க்குப் பாரிசவாதம் வந்துவிட்டது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி தம்பி போய் அந்த அக்காவிடம் வாயால் சொல்லியிருக்கிறார். 18 ஆம் திகதி வீட்டைப் பூட்டி, அக்கா கோவிலுக்குப் போயிருந்தபடியால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஆகஸ்ட் வாடகை முன்பே கட்டியாயிற்று.

பிறகு முற்பணம் கேட்டு போன் எடுத்தால் அந்த அக்கா சொல்லுகிறார்: "தம்பி, நீங்கள் இரண்டு வருசத்துக்கு எண்டுதானே எழுதித் தந்தனீங்கள். இடையில பூட்டிப்போட்டுப் போனால் மிச்ச மாதக் காசை ஆர் தாறது? முற்பணம் அதுக்குச் சரி." தம்பி என்ன சொல்லுகிறார்? "12 ஆம் திகதி சொன்னேன், அடுத்த 12 ஆம் திகதியோட கணக்கு முடிஞ்சது, என் காசு முழுக்க வேணும்."

யார் சரி? இரண்டு பேரும் சரியில்லை. ஏன் என்றுதான் இன்றைக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தத் தாள். நம் நாட்டில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கோப்பிக் காலத்துச் சட்டம், தேயிலைக்கு முந்தியது, இன்றைக்கும் நடைமுறையில் உள்ளது. அதன் 2 ஆம் பிரிவு என்ன சொல்லுகிறது என்றால், காணி, வீட்டை விற்பதும் ஈடு வைப்பதும் மட்டுமல்ல, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குக் குத்தகை கொடுப்பதும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதியாக எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குத்தகை சட்டத்தின் முன் நிற்காது. வீட்டிலே தாளில் எழுதிக்கொண்ட "இரண்டு வருடம்" இரண்டு வருடம் அல்ல. ஆனால் குடியிருந்து மாதாமாதம் வாடகை கொடுத்து, அவர்களும் வாங்கி வந்தபடியால், அது மாதாந்த வாடகைக் குடியிருப்பு ஆகிவிடும். ஆகவே மிச்ச ஆறு மாதக் காசைக் கேட்க அந்த அக்காவுக்கு வழி இல்லை.

இதைக் கேட்டு, அப்போ நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் நமக்கு நல்லதுதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே தாள் உங்களுக்கும் காவல் இல்லை. இரண்டு வருடம் என்று நம்பிப் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பீர்கள், வீட்டுக்காரரும் ஒரு மாத நோட்டீஸில் எழும்பச் சொல்லலாம். நொத்தாரிசு உறுதி இருந்தால் காலம் முடியும் வரை இரண்டு பக்கமும் கட்டுப்பட வேண்டும். அப்படி எழுதும்போது "எந்தப் பக்கமும் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து முடிக்கலாம்" என்ற வசனம் இருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் இடையில் விட்டுப் போகிறவர் மிச்ச வாடகைக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். மேசன் வேலை, கடை வேலை செய்கிற ஆட்களுக்கு அந்த ஒரு வசனம் இல்லாத உறுதி நல்லதல்ல என்பது நம் அபிப்பிராயம்.

அடுத்தது அந்த ஒரு மாதக் கணக்கு. இதில்தான் எல்லோரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு மாத நோட்டீஸ் என்றால் 30 நாள் அல்ல. ஒரு முழு வாடகை மாதம். மாதம் 1 ஆம் திகதி தொடங்கி 30 அல்லது 31 இல் முடிகிற வாடகையாக இருந்தால், நீங்கள் ஆகஸ்டில் எந்த நாளில் சொன்னாலும் செப்டெம்பர் முழுவதும் ஓடி, செப்டெம்பர் 30 இல்தான் குடியிருப்பு முடியும். ஆகஸ்ட் 31 இல் கொடுத்தாலும் செப்டெம்பர் 30. ஆனால் ஒரு நாள் பிந்தி செப்டெம்பர் 1 இல் கொடுத்தால்? அக்டோபர் 31 வரை போய்விடும். ஒரு நாள் சோம்பலுக்கு ஒரு மாத வாடகை. நீங்கள் 15 ஆம் திகதி குடி போய், 15 க்கு 15 வாடகை கட்டுகிறவர்களானால் மாதம் 14 ஆம் திகதியில் முடிகிறது, அதை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். கூட்ட வேலையாள் செக்ரோலில் பேர் மாதக் கணக்கில் விழுகிற மாதிரித்தான்.

வீட்டுக்காரர் உங்களை எழும்பச் சொல்லும்போதும் இதே கணக்குத்தான், அதற்குக் குறையாது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்துகிற வீடாக இருந்தால் இன்னும் கட்டுப்பாடு உண்டு. அந்தச் சட்டம் சொல்லுகிற காரணங்கள் இல்லாமல் வீட்டுக்காரர் வழக்குப் போட முடியாது, சில காரணங்களுக்கு ஒரு மாதத்தை விட நீண்ட நோட்டீஸ் வேண்டும். ஆனால் அது நகரப் பகுதிகளுக்கு வந்த சட்டம், பிறகு 1980 இலும் 2002 இலும் வந்த திருத்தங்கள் எத்தனையோ வீடுகளை அதிலிருந்து வெளியே எடுத்துவிட்டன. உங்கள் வீடு உள்ளேயா வெளியேயா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது தம்பியின் கணக்குக்கு வருவோம். ஆகஸ்ட் 12 இல் சொன்னார். வாயால் சொன்னதும் நோட்டீஸ்தான், ஆனால் சொல்லவேயில்லை என்று அவர்கள் மறுத்தால் அத்தாட்சி இல்லை. நல்ல வேளை, அந்த அக்கா பொய் சொல்லுகிற ஆள் இல்லை, சொன்னது உண்மை என்று ஒப்புக்கொண்டார். ஆகவே செப்டெம்பர் 30 வரை வாடகை. ஆகஸ்ட் கட்டியாயிற்று, செப்டெம்பர் 12,000. அது போனால் 60,000. கரண்ட் பாக்கி 3,400. உடைந்த ஜன்னல் கண்ணாடி 2,600. வர வேண்டியது 54,000 ரூபா.

இதை எப்படி வாங்கினோம் என்றால், சண்டை போட்டு அல்ல. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன, நம் ஆட்கள் இணக்க சபை என்பார்கள். அங்கே சட்டத்தரணி வேண்டாம். அந்தப் பகுதிச் சபைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். தம்பி இரண்டு தரம் பஸ் ஏறிப் போய் வந்தார். இரண்டாம் தரம் இணக்கம் வந்தது. அந்தச் சபை யாரையும் கட்டாயப்படுத்தாது, இரண்டு பேரும் சம்மதித்தால்தான் எழுதும். பஸ் காசும் இரண்டு நாள் சம்பளமும் போனதுதான். ஒரு கடிதம் எழுதியிருந்தால் அதுவும் மிச்சம்.

அந்தக் காரைநகர் அக்காவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. அவர் சபையில் சொன்னது: "வீடு சும்மா கிடந்தால் ஆரும் பூந்து இருந்திடுவினம், தம்பிக்கு நான் பதில் சொல்ல ஏலாது." இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி ஒருவர் பத்து வருடம் உரிமைக்காரருக்கு எதிராக, தன்னுடையதாகவே ஆண்டு வந்தால் அந்தக் காணிக்கு உரிமை கேட்கலாம். யுத்தத்தில் ஓடிப்போனவர்களின் காணிகளில் இது பெரிய பிரச்சினையாகி, 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் என்று ஒரு விசேட சட்டமே கொண்டுவந்தார்கள். வாடகைக்கு வந்தவர் வாடகைக்காரராக இருக்கும் வரை அப்படி உரிமை கேட்க முடியாது. ஆனாலும் வெளிநாட்டில் இருக்கிறவருக்கு நெஞ்சு அடிக்கத்தானே செய்யும்? சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஒரு வாடகைக்காரரால், அடுத்து வீடு கேட்டுப் போகிற மலைநாட்டுப் பிள்ளைக்குக் கதவு சாத்தப்படுகிறது. இதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம்.

யாழ்ப்பாணப் பக்கம் போகிறவர்கள் இன்னொரு சொல்லையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்: ஒற்றி. மாத வாடகை இல்லை, ஒரு பெரிய தொகையைக் கொடுத்து வீட்டிலோ வயலிலோ இருப்பது. காசுக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை, விடும்போது காசு முழுக்கத் திரும்பும். இது தேசவழமையில் உள்ள பழைய முறை. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற யாழ்ப்பாணத் திசாவை அந்த வழமைகளை எழுதி ஒப்படைத்தார், பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரி சொன்னார்கள். விளைச்சலை எடுக்க விட்டுத்தான் காணியை மீட்க வேண்டும், முன்னமே அறிவிக்க வேண்டும் என்பது அதன் போக்கு. முந்நூறு வருடத்துக்கு முன்பே அங்கே முன்னறிவித்தல் இருந்திருக்கிறது பாருங்கள். ஒற்றிக்குக் காசு கொடுக்கிறவர்கள் நொத்தாரிசு உறுதி இல்லாமல், காணிக் கந்தோரில் பதியாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். இது வாடகை முற்பணம் மாதிரிச் சின்னத் தொகை அல்ல.

நமக்கும் நோட்டீஸ் புதுசு அல்ல. நம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே, 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தில், தோட்டத் தொழிலாளியின் வேலை மாதத்துக்கு மாதம் ஓடுகிற ஒப்பந்தம், விடுவதானால் ஒரு மாதம் முன்னறிவிக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் நோட்டீஸ் கொடுத்தாலும் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது, துண்டிலே கடன் ஏறியிருக்கும். 1921 இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது.

பிறகு உருளவள்ளி. கேகாலைப் பக்கம் நேவ்ஸ்மையர் தோட்டத்தை 1946 இல் அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கு எடுத்து, அங்கே இருந்த நம் சனங்களுக்கு வீட்டை விட்டு வெளியேற நோட்டீஸ் கொடுத்தது. அவர்கள் போகவில்லை. அத்துமீறி இருக்கிறார்கள் என்று கிரிமினல் வழக்குப் போட்டார்கள். பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. வழக்கு லண்டன் கோமறைக் கழகம் வரை போய் 1950 இல் தீர்ப்பு வந்தது. செல்வநாயகம் எதிர் மன்னர் என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. தந்தை செல்வா அல்ல, இவர் தோட்டத்து ஆள். நோட்டீஸ் வந்த பிறகும் தன் குடியிருப்பிலேயே தங்கியிருந்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைக் கிரிமினல் குற்றவாளி ஆக்க முடியாது, தொந்தரவு செய்கிற நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று சொல்லித் தண்டனையை நீக்கினார்கள். 1971 இல் வந்த தோட்டக் குடியிருப்புகள் விசேட ஏற்பாட்டுச் சட்டமும், வேலை போனதைச் சாட்டி நீதிமன்றக் கட்டளை இல்லாமல் லயத்தை விட்டு எழுப்பக் கூடாது என்ற பக்கமே நிற்கிறது.

வாடகை வீட்டுக்கும் இது பொருந்தும். நோட்டீஸ் முடிந்த அடுத்த நாள் வீட்டுக்காரர் பூட்டை மாற்றவோ, கரண்டை வெட்டவோ, சாமானை வெளியே போடவோ உரிமை இல்லை. அவர் நீதிமன்றம்தான் போக வேண்டும். 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் குத்தகை முடிந்த வீட்டைச் சீக்கிரமாக மீட்க ஒரு விசேட வழி கொடுத்திருக்கிறது, அதுவும் நீதிமன்ற வழிதான். பலாத்காரமாக வெளியே போட்டால் உடனே பொலிசில் முறைப்பாடு போடுங்கள். 1979 ஆம் ஆண்டின் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில், இரண்டு மாதத்துக்குள் வந்தால் திரும்பக் குடியேற்றக் கட்டளை கேட்க வழி உண்டு. இரண்டு மாதம் கடந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978 இல் இருந்து இயங்குகிறது.

சரி, கடிதம் எப்படி எழுதுவது? ஏழு எட்டு வரி போதும். இதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பிரதி பண்ணி வையுங்கள்.

"அன்புள்ள ஐயா (அம்மா), உங்களுக்குச் சொந்தமான, (விலாசம்) வீட்டில் மாதம் (தொகை) ரூபா வாடகைக்கு நான் குடியிருக்கிறேன். வாடகை மாதம் 1 ஆம் திகதி தொடங்குகிறது. இக்கடிதத்தின் மூலம் இக்குடியிருப்பை 2025 செப்டெம்பர் 30 ஆம் திகதியுடன் முடித்துக்கொள்ள முன்னறிவித்தல் தருகிறேன். அன்று வீட்டையும் சாவிகளையும் ஒப்படைப்பேன். நான் கட்டிய முற்பணம் (தொகை) ரூபாவைக் கணக்குப் பார்த்து அன்றே திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு," பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து, திகதி.

இரண்டு பிரதி. ஒன்றைக் கையில் கொடுத்து மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் போட்டு, தபால் கந்தோர் துண்டைப் பத்திரமாக வையுங்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் என்றால் சாவி வைத்திருக்கிறவருக்கும் அவருக்கும் இரண்டு பேருக்கும் அனுப்ப வேண்டும். சாவி வைத்திருக்கிறவரிடம் அற்றோணித் தத்துவம் இருக்கிறதா என்று குடி போகும் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். போன் தண்ணியில் விழுந்தால் அத்தாட்சியும் விழுந்தது.

"கடைசி இரண்டு மாத வாடகையை முற்பணத்தில் கழியுங்கோ" என்று சொல்லிக் கட்டாமல் விடுவது நம் ஆட்களிடம் ஒரு பழக்கம். எழுத்தில் சம்மதம் வாங்காமல் அப்படிச் செய்தால் நீங்கள் வாடகை பாக்கிக்காரர். கட்டிவிட்டுக் கேளுங்கள்.

ஒப்படைக்கிற அன்று மீட்டர் இலக்கத்தைக் குறித்து, ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்து, தண்ணித் தாங்கியைக் கழுவி வைத்து, சாவியை உரிய ஆளின் கையிலேயே கொடுத்து ஒரு சின்னத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். தீவுப் பகுதியில் பல கிணறுகள் உவர், குடிதண்ணியைப் பவுசரில் வாங்குகிற இடங்கள், அதனால் தாங்கியும் பம்பும் கெட்டுப்போனால் பெரிய பிரச்சினையாக எடுப்பார்கள். கிராம அலுவலரிடம் பதிவை மாற்றிக்கொண்டும் வாருங்கள், இல்லாவிட்டால் வாக்காளர் இடாப்பில் பெயர் அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை என்று ஆகிவிடும்.

முடிவில் ஒரு தம்பி கேட்டார்: "வீட்டுக்காரர் பதிவுத் தபாலை வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டா?" திரும்பி வந்த கடித உறையைப் பிரிக்க வேண்டாம், தம்பி. தபால்காரர் எழுதிய குறிப்போடு அப்படியே வையுங்கள். நீங்கள் எந்தத் திகதியில் அனுப்பினீர்கள், அவர் எப்போது மறுத்தார் என்பது அதன் மேலேயே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு கந்தோருக்கு வாருங்கள், இருந்து மத்தியஸ்த சபைக்கு எழுதுவோம்.